ஈரலுக்கு எதிர்வீட்டுக்காரி

எந்தத் துணியைக் கையில் கொடுத்தாலும் முதலில் உள்பக்கத்தை வெளியே திருப்பிவிடுவார். அலுவலகக் கோட்டோ, பள்ளிச் சீருடையோ, ஏகப்பட்ட விலை கொடுத்து வாங்கிய கவுனோ, அக்காவிடம் எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதைதான். தையலை விரலால் தடவிக்கொண்டே போவார். நூல் பிசிறு, மடித்து அடித்த ஓரம், முன்பு யாரோ அவசரத்தில் போட்ட ஒட்டுத் தையல், எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் கொண்டுவந்தவரின் முகத்தையே பார்ப்பார். "வெளிய பாத்தா எல்லாத் துணியும் நல்ல துணிதாங்க. உள்ள எவ்வளவு விட்டுத் தச்சிருக்கான்னு பாக்கணும்" என்பார். உள்ளே துணி விடாமல் ஒட்ட வெட்டித் தைத்தவனை அக்கா மன்னித்து நான் பார்த்ததில்லை. "கஞ்சப் பய" என்று அந்த முகம் தெரியாத ஆளைத் திட்டிக்கொண்டே பிரிக்க ஆரம்பிப்பார்.

ரயில் நிலையத்துக்கு இறங்கிப் போகிற சுரங்கப்பாதையில் இருக்கிறது அவருடைய கடை. புதுத் துணி தைப்பதில்லை. நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, அறுந்த ஜிப்பை மாற்றுவது, அவ்வளவுதான். 'ஆல்ட்ரேஷன் அக்கா' என்றால் அந்த வழியாகப் போகிற அத்தனை பேருக்கும் தெரியும். நேர் எதிரே என் மூக்குக்கண்ணாடிக் கடை. இரண்டுக்கும் நடுவில் நாலு பேர் இடித்துக்கொண்டு போகிற வழி. வெளியே மழை பெய்கிறதா என்பதை வருகிறவர்களின் குடையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். பகல் முழுவதும் குழல்விளக்கின் கீழே ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிழைப்பு. என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏ கண்ணாடி, டீ குடிக்கலாமா?" அவ்வளவுதான். எனக்கும் அது பழகிவிட்டது.

கை கால் எல்லாம் குச்சி. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரியும். வயிறு மட்டும் முன்னால் தள்ளி, அதிலும் இடப்பக்கம் கூடுதலாக உப்பியிருக்கும். புதிதாக வருகிற பெண்கள் சிலர் ரயிலில் எழுந்து இடம் கொடுப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, "எத்தனாவது மாசங்க?" என்று கேட்டுவிடுவார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவரிடம்! அக்கா கோபப்பட மாட்டார். "இது பொறக்காதுங்க. உள்ளயே உக்காந்து சாப்பிட்டுக்கிட்டே இருக்கும்" என்று சொல்லிவிட்டு டேப்பை எடுப்பார். கேட்டவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று திண்டாடுவார்கள்.

தையல் மிஷினைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, தன் இடப்பக்கம் சுவருக்கு வருகிற மாதிரி உட்காருவார். வலப்பக்கம்தான் உலகத்துக்கு. "இந்தப் பக்கமா வாங்க" என்று சொல்லாமல் யாரையும் கிட்டே விடமாட்டார். ஒருநாள் பள்ளி விட்டு ஓடிவந்த ஒரு வாண்டு, முதுகில் புத்தக மூட்டையோடு, கடைக்குள் பாய்ந்தது. அக்கா இரண்டு கையாலும் இடது விலாவுக்குக் கீழே பொத்திக்கொண்டு எழுந்த வேகத்தைப் பார்த்து நானும் எழுந்துவிட்டேன். பிள்ளை மேலே படவில்லை. ஆனாலும் அன்று மாலை வரை அவர் முகத்தில் ரத்தம் திரும்பவில்லை. அந்த இடத்தில் ஒரு நல்ல இடி விழுந்தால் உள்ளே கிழிந்துவிடும் என்று மருத்துவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். கிழிந்தால் மருத்துவமனை போய்ச் சேர நேரம் இருக்காது.

ஊசியோடு பிழைப்பவருக்கு ஊசிதான் எதிரி. மற்றவர்களுக்கு ஊசி குத்தினால் ஒரு பொட்டு ரத்தம் வரும், சப்பிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அக்காவுக்குக் குத்தினால் நிற்காது. பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எதிரே நிற்கிறவருக்குப் பொறுமை போய்விடாமல் இருக்க ஏதாவது கதை சொல்வார். விரல் நுனியில் மாட்டுகிற உலோக உறையை எல்லோரும் ஒரு விரலில் போடுவார்கள், இவர் மூன்று விரலில் போட்டுக்கொள்கிறார். வெள்ளைத் துணி வந்தால் நான் என் வேலையை விட்டுவிட்டு அவர் விரலையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருமுறை ஒரு நர்ஸம்மாவின் வெள்ளைக் கோட்டில் சொட்டிவிட்டது. நான் சோப்பைத் தேடி ஓடினேன். அக்கா அசையாமல் ஒரு நூலை வாயில் போட்டு மென்று, அந்த எச்சில் நூலை வைத்துக் கறையை ஒற்றி எடுத்தார். "அவங்கவங்க ரத்தத்த அவங்கவங்க எச்சில்தான் எடுக்கும். வேற யாரு எச்சிலும் எடுக்காது" என்றார். உண்மையோ பொய்யோ, கறை போய்விட்டது.

நோய் இருப்பது தெரியவந்த விதம்தான் வேடிக்கை. வேடிக்கை என்று சொல்லக்கூடாது, ஆனால் அக்காவே அப்படித்தான் சொல்கிறார். தனக்குப் போடுகிற மேல்சட்டைகளை அவரே வெட்டித் தைத்துக்கொள்வார். சில வருஷங்களுக்கு முன்னால் திடீரென்று எல்லாச் சட்டையும் இடப்பக்கம் மட்டும் பிடிக்க ஆரம்பித்தது. வேறு யாராக இருந்தாலும் உடம்பில் ஏதோ கோளாறு என்று பயந்திருப்பார்கள். அக்காவுக்குத் தன் உடம்பின் மேல் சந்தேகம் வரவில்லை, தன் வெட்டின் மேல்தான் வந்தது. கத்தரிக்கோல் ஒரு பக்கமாக இழுக்கிறது என்று சாணை பிடிக்கக் கொடுத்தார். கண் மங்கிவிட்டது என்று என்னிடம் வந்து புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டார். நானும் கடன்காரி, எழுத்துப் பலகையைக் காட்டிச் சோதித்து, கொஞ்சம் அதிகப்படியாகவே போட்டுக் கொடுத்தேன். இடப்பக்கத் தையலைப் பிரித்துப் பிரித்துத் துணி விட்டுக்கொண்டே ஒரு வருஷத்தை ஓட்டியிருக்கிறார். உள்ளே விட்ட துணி தீர்ந்தபோது வேறு துணியில் ஒட்டுப் போட்டார். "முப்பது வருஷமா வெட்டுறவளுக்குக் கை கோணிடுச்சேன்னு ராத்திரி எல்லாம் அழுதிருக்கேன் கண்ணாடி. வயிறு கோணிருக்குன்னு தோணவே இல்ல பாரு" என்பார்.

ஒருநாள் காலையில் வீட்டில் ரத்த வாந்தி எடுத்தார். அள்ளிக்கொண்டு ஓடினார்கள். உணவுக்குழாயில் ரத்த நாளங்கள் புடைத்து வெடித்திருந்தன. குழாய் விட்டு, அவற்றை ரப்பர் வளையத்தால் கட்டி நிறுத்தினார்கள். அப்புறம்தான் ஈரல் பல வருஷமாகத் தழும்பேறி இறுகிக் கிடப்பது தெரிந்தது. உடம்பே தன் ஈரலை யாரோ அந்நியன் என்று நினைத்துத் தாக்குகிற ஒரு வகை நோய். குடிப்பழக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஈரல் என்ற சொல்லைக் கேட்டதும் ஜனங்களின் புருவம் போகிற போக்கு இருக்கிறதே! வாடிக்கையாக வருகிற ஒரு கோட்டுக்காரம்மா, குரலைத் தாழ்த்தி, "ஈரலா? கொஞ்சம் பழக்கம் உண்டோ?" என்று கேட்டாள். அக்கா நிதானமாக, "உண்டுங்க. ஒரு நாளைக்கு நாலு டீ" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்த அம்மாளுக்கு அடுத்த முறை கண்ணாடி துடைக்கிற துணி இலவசமாகக் கொடுக்கவில்லை, என்னால் ஆனது அதுதான். சொந்தக்காரர்கள் இன்னும் மோசம். "அவ புருஷன் குடிக்கிறான்னு பாத்தா, இவளே ஊத்திக்கிட்டிருக்கா போல" என்று யாரோ பேசியது அக்காவின் காதுக்கே வந்தது. அவர் புருஷன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர், வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனுஷன். "மேலயும் கீழயுமே போய்ட்டு வரவரு. நடுவுல நின்னு பேச அவருக்கு எங்க நேரம்?" என்று அக்கா கிண்டல் செய்வார். அந்த மனுஷன் தன் ஈரலில் பாதியை எடுத்துக்கொள்ளச் சொல்லி மருத்துவமனையில் போய் நின்றார். ரத்த வகை சேரவில்லை. அன்று லிஃப்ட்டுக்குள் உட்கார்ந்து அழுதார் என்று அக்கா சொன்னார். கிண்டல் இல்லாமல் சொன்னார்.

ஒருமுறை அவர் புருஷனுக்கு வேலையை விட்டு வர முடியாததால் அக்காவோடு நான் மருத்துவமனைக்குப் போனேன். சின்ன வயசு டாக்டரம்மா. அவசரமில்லாமல் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினாள். வலப்பக்கம் ஈரல். எதிரே இடப்பக்கம் மண்ணீரல். மண்ணீரலிலிருந்தும் குடலிலிருந்தும் புறப்படுகிற ரத்தம் ஈரலுக்குள் நுழைந்துதான் இதயத்துக்குப் போக வேண்டும். ஈரல் இறுகிவிட்டால் உள்ளே போக வழி இல்லை. ரத்தம் பின்வாங்கித் தேங்குகிறது. மண்ணீரல் வீங்குகிறது.

"அதான் ரத்த அணு கம்மியாப் போச்சா? என் உடம்புல ரத்தம் ஊறலையா டாக்டர்?" என்று கேட்டார் அக்கா.

"ஊறுதும்மா. எலும்புக்குள்ள மஜ்ஜை இருக்கில்ல, அது செஞ்சுக்கிட்டுதான் இருக்கு. ரத்தத்த உறைய வைக்கிற தட்டணுவ வழியிலயே மண்ணீரல் பிடிச்சு வச்சுக்குது. வெள்ளணுவையும் விடறதில்ல, சிவப்பணுவையும் விடறதில்ல. சாதாரணமா வயசான அணுவ மட்டும் சலிச்சு எடுக்கிற உறுப்பு அது. வீங்கிப் போனதால நல்லதையும் சேத்து நிறுத்தி வச்சுடுது. ஈரல் நல்லா இருந்தா, தட்டணு இன்னும் செய்யின்னு மஜ்ஜைக்குத் தகவல் அனுப்பும். இப்ப அந்தத் தகவலும் சரியாப் போகல."

"வெளியில இருந்து ஏத்தினா?"

"ஏத்தினாலும் அதையும் பிடிச்சு வச்சுக்கும். ரொம்ப நாள் நிக்காது."

"அப்ப அந்தச் சனியன வெட்டி எடுத்துடுங்களேன்."

டாக்டரம்மா சிரித்தாள். "அதுமேல ஏம்மா கோபம்? வீங்கினதுதான் அது, அடைச்சது ஈரல். உங்க நிலைமையில அத எடுக்கிறது ஆபத்து. எடுத்தாலும் ஈரல் இப்படியேதான் இருக்கும். ஈரல மாத்தினா இது கொஞ்சம் கொஞ்சமாச் சுருங்கும், அணுவும் ஏறும். இன்னொண்ணு சொல்லட்டுமா? நீங்க உங்கம்மா வயித்துல இருந்தப்ப உங்களுக்கு ரத்தம் செஞ்சு குடுத்ததே ஈரலும் மண்ணீரலும்தான். எலும்பு அப்புறம்தான் அந்த வேலைக்கு வந்துச்சு."

திரும்பி வருகிற ரயிலில் அக்கா ஜன்னல் பக்கம் இடது விலா வருகிற மாதிரி உட்கார்ந்து, மேலே கையை வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "பாவம் கண்ணாடி, அது. ஒரு காலத்துல குடுத்த கை. இப்ப எதிர்வீட்டுல கதவச் சாத்திட்டாங்க. வந்தவங்க எல்லாம் இவ வீட்டுல வந்து உக்காந்துட்டாங்க. அவதான் என்ன பண்ணுவா?" என்றார். அன்றிலிருந்து மண்ணீரலுக்குப் பெயர் 'எதிர்வீட்டுக்காரி' ஆனது. ஈறில் ரத்தம் கசிந்தால், "எதிர்வீட்டுக்காரிக்கு இன்னைக்குப் பிடி ஜாஸ்தி" என்பார். காரணமில்லாமல் கையில் நீலம் பாரித்தால் சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டு, "அவ வேலைதான்" என்பார். இப்படியா வேலை பார்ப்பது என்று நான் அக்காவை வைதால் என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுவார். "எனக்கு வாச்சது ரெண்டு எதிர்வீட்டுக்காரி. ஒருத்தி ரத்தத்த எடுக்கிறா, இன்னொருத்தி உயிர எடுக்கிறா."

வாந்தி இரண்டாவது முறையும் வந்தது. மாற்று ஈரல் கிடைத்தால்தான் இனி வண்டி ஓடும் என்று டாக்டரம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள். இறந்தவர்களிடமிருந்து கிடைக்கிற ஈரலுக்கு அக்காவின் பெயரைப் பதிந்து வைத்தார்கள். அந்த வரிசை எப்போது நகரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்போதுதான் மகள், "என்னோடத எடுத்துக்கங்க" என்று கிளம்பினாள்.

மகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே பெண். பார்சல் கம்பெனியில், தொலைந்து போன பார்சல்களுக்காகக் கத்துகிறவர்களுக்குப் பதில் சொல்கிற வேலை. அதனாலோ என்னவோ, எவ்வளவு கத்தினாலும் அசைய மாட்டாள். அக்கா கத்தினார். "எம் பொண்ணு வயித்தக் கீறி எனக்கு உசுரா? அப்படி ஒரு உசுரு எனக்குத் தேவையே இல்ல" என்றார். மகள் தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து, அம்மா கடைக்குள் போகாமல், என் கடையில் உட்கார்ந்து, அம்மாவைப் பார்த்தபடியே டப்பாவைத் திறந்து சாப்பிட்டாள். ஒரு வார்த்தை கிடையாது. எதிரே அக்கா தலையைக் குனிந்துகொண்டு மிஷினை ஓட்டுவார். நடுவில் கண்ணாடிக்காரி நான் மாட்டிக்கொண்டு விழிப்பேன். இப்படி ஒரு மாசத்துக்கு மேல் போயிற்று. கடைசியில் ஒருநாள் அக்கா அங்கிருந்தே, வழிப்போக்கர்களின் தலைக்கு மேலாக, "சரி, வெட்டிக்கோ! வந்து இங்க உக்காந்து சாப்பிடு" என்று கத்தினார். மகள் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து அம்மா கடைக்குப் போனாள். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்க ஒரு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

கொடுத்தவருக்கு ஈரல் திரும்ப வளர்ந்துவிடும் என்று டாக்டரம்மா சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன பிறகுதான் அக்காவுக்கு மூச்சு வந்தது. பரிசோதனைகள் நடந்தன. மகளுடைய ஈரல் பொருந்தியது. நாள் குறித்தார்கள். அக்கா ஆளே மாறிப் போனார். வாங்கி வைத்த துணிகளை எல்லாம் முடித்துக் கொடுக்க ஆரம்பித்தார். "ரெண்டு மூணு மாசம் கடை இருக்காதுங்க" என்று வருகிறவர்களிடம் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை. உயிர் வாழ வேண்டும் என்கிற ஆசையை அந்த முகத்தில் அப்போதுதான் நான் பார்த்தேன். அதுவரை அது எங்கே இருந்ததோ தெரியாது.

குறித்த நாளுக்குக் கொஞ்சம் முன்னால், "பெரிய டாக்டர் வெளியூர் போயிருக்காராம்மா. தள்ளி வச்சிருக்காங்க" என்று மகள் சொன்னாள். அக்கா சரி என்றார். இரண்டு வாரம் கழித்துக் கேட்டதற்கு, ஏதோ கருவி பழுது என்றாள். அதற்கும் சரி என்றார். எனக்கு லேசாக ஏதோ உறுத்தியது. பயந்துவிட்டாளோ, பின்வாங்குகிறாளோ என்று மனசுக்குள் அந்தப் பெண்ணைத் தப்பாக நினைத்தேன்.

ஒரு மதியம் மகள் அம்மாவின் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். கரண்டி கீழே விழ, குனிந்து எடுத்தாள். சட்டை மேலே ஏறியது. அவள் போன பிறகு அக்கா என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"அவ பேண்ட்டுல பட்டன் போடல கண்ணாடி. பட்டனுக்கும் காஜா ஓட்டைக்கும் நடுவுல தலைமுடிக்குப் போடற ரப்பர் பேண்டக் கோத்து விட்டிருக்கா."

எனக்குப் புரியவில்லை. "குண்டாயிட்டாளோ என்னவோ."

"குண்டானவ பெரிய பேண்ட் வாங்குவா. இல்லன்னா எங்கிட்ட குடுப்பா. ரப்பர் பேண்ட் போடறவ, இடுப்பு ஏன் பெருசாச்சுன்னு யாருக்கும் சொல்லாதவ. நான் எத்தன பேரப் பாத்திருக்கேன்."

கல்யாணமாகி மூன்று வருஷமாகக் குழந்தை இல்லையென்று அந்தப் பெண் ஏறாத மருத்துவமனை இல்லை. அந்தக் குழந்தை இப்போது வந்திருக்கிறது. கர்ப்பிணியிடமிருந்து ஈரல் எடுக்க மாட்டார்கள். கடைசிப் பரிசோதனையில் அது தெரிந்துதான் நாளை ரத்து செய்திருக்கிறார்கள். அதை மறைக்கத்தான் பெரிய டாக்டரை வெளியூர் அனுப்பி, கருவியைப் பழுதாக்கியிருக்கிறாள். ஏன் மறைக்கிறாள் என்று யோசித்தபோதுதான், கலைக்கப் போகிறாள் என்று எனக்குப் புரிந்தது. அக்கா எனக்கு முன்பே யோசித்து முடித்திருந்தார்.

மறுநாள் மதியம் மகள் வந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். எழுந்து நழுவப் பார்த்தேன். "நீ இரு கண்ணாடி" என்றார் அக்கா. நாளைக்கு இவள் மாற்றிப் பேசினால் சாட்சிக்கு ஒரு ஆள் வேண்டும் என்று நினைத்தாரோ, தனியாக இருக்கப் பயந்தாரோ.

"எத்தன மாசம்டி?"

மகள் டப்பாவின் மூடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பொய் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"மூணு ஆகப் போகுது."

"எப்ப போறதா இருக்க?"

"நாளைக்கு. வேற ஆஸ்பத்திரி." பார்சல் தொலைந்தவர்களிடம் பேசுகிற அதே சமமான குரல். "அப்புறம் உடம்பு தேறினதும் டாக்டர் மறுபடியும் நாள் குறிப்பாங்க. நான் கேட்டுட்டேன்."

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"தெரியும். உன் இஷ்டம்னுட்டார்."

"அழுதாரா?"

மகள் குரல் உடைந்து, வழியில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சொன்னாள்: "குழந்த மறுபடியும் வரும்மா. ஒரு தடவ வந்துடுச்சில்ல, இன்னொரு தடவயும் வரும். நீ போனா மறுபடியும் வருவியா?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பெண் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை. அவளைக் கட்டிக்கொண்டு அழலாமா, அக்காவைப் பிடித்து உலுக்கி "ஒத்துக்கோங்க" என்று சொல்லலாமா என்று இரண்டும் தோன்றியது. எனக்கு என் அக்கா வேண்டும். அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? இன்னும் பிறக்காத ஒன்றோடு போட்டி போட்டுக்கொண்டு?

அக்கா மெதுவாகத்தான் பேசினார். "ஒம் உடம்பு, ஒம் வயிறு. உனக்கு வேணாம்னா நீ போ. நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன். உனக்காகப் போறியா?"

மகள் கையிலிருந்த மூடியை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்காகன்னா போகாத. ஏன்னா உன் ஈரல நான் வாங்கிக்கப் போறதில்ல. இன்னைக்கும் இல்ல, நீ தேறி வந்தாலும் இல்ல. காலையிலயே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன். வரிசையில என் பேரு இருக்கு, வந்தா வரட்டும். நீ அதக் கலச்சிட்டு வந்து நின்னாலும் நான் மேசையில ஏறிப் படுக்க மாட்டேன். என்னத் தூக்கிப் போட்டு வெட்ட முடியாதுல்ல?"

"அம்மா..."

"உள்ள வேல நடக்குதுடி. ஈரலும் மண்ணீரலும் சேந்துதான் மொத மொதல்ல ரத்தம் செய்யுமாம், டாக்டரம்மா சொன்னா. எனக்கு ரெண்டும் நின்னு போச்சு. அங்க ரெண்டும் இப்பத்தான் கடையத் தொறக்குது." அக்கா சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "எனக்குச் சாக ஆசையில்ல. பயமாத்தான் இருக்கு. ஆனா அத நிறுத்தி வாங்கின உசுர வச்சுக்கிட்டு உம் மூஞ்சிய நான் எப்படிப் பாப்பேன்? நீ உங்கப்பன மாதிரி வாயத் தொறக்காம அழுவ. அத தினமும் நான் பாக்கணும்."

மகள் டப்பா மூடியை மேசையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தொலைந்த பார்சல்களுக்குப் பதில் சொல்லும் அந்தப் பெண்ணின் தோள் குலுங்கியது. அக்கா எழுந்து போய்த் தேற்றவில்லை. சுவரோடு ஒட்டி உட்கார்ந்தபடியே, "கழட்டிக் குடு" என்றார்.

"என்னது?"

"பேண்ட்ட. ரப்பர் பேண்டோட ஆபீசுக்குப் போறது நல்லாவா இருக்கு? உள்ள போய்க் கழட்டிக் குடு. அங்க ஒரு போர்வை தொங்குது, சுத்திக்கோ."

மகள் எதிர்த்துப் பேசப் போகிறாள், நாளைக்குப் போகத்தான் போகிறேன் என்று சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தோன்றியது. பிறகு கடையின் மூலையில் தொங்கிய திரைக்குப் பின்னால் போனாள். போர்வையை எடுக்கிற சத்தம் கேட்டது. திரையின் கீழாக பேண்ட் வெளியே வந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன்.

அக்கா உள்பக்கத்தை வெளியே திருப்பினார். முன்பக்கத்து இடுப்புப் பட்டியை ஒரு பக்கத்துப் பையிலிருந்து மறு பக்கத்துப் பை வரை வெட்டி எடுத்தார். அகலமான கறுப்பு இலாஸ்டிக்கை எடுத்து அந்த இடத்தில் வைத்துத் தைத்தார். திரைக்குள் மகள் மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் மிஷின் சத்தமும் மாறி மாறிக் கேட்டன. யாரோ ஒருவர் ஜிப் மாற்ற வந்தார். கடை மூடியிருக்கிறது என்று சொல்லி நானே அனுப்பிவிட்டேன். திறந்து கிடந்த கடையை அவர் ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனார்.

தைத்து முடித்ததும் நூலை வெட்டினார். எழுந்து நின்று, சுவர்ப்பக்கமிருந்து விலகி வந்து, அந்த இடுப்புப் பட்டியைத் தன் வயிற்றின் மேல் வைத்துச் சுற்றிப் பிடித்தார். உப்பியிருந்த இடப்பக்கத்தைத் தாண்டி இலாஸ்டிக்கை இழுத்துப் பார்த்தார். அது முழுக்க விரிந்து, வயிற்றை அழுத்திக்கொண்டு நின்றது.

"இது ஏழாம் மாசத்துக்கு மேல தாங்காது" என்றார், திரையைப் பார்த்து.

மறுபடி உட்கார்ந்து, போட்ட தையலை முழுவதும் பிரித்துவிட்டு, இலாஸ்டிக் சுருளிலிருந்து இன்னும் ஒரு சாண் அதிகம் விட்டு வெட்டினார்.